கடந்த கால லாபத்தை எப்படிப் படிப்பது? ஓராண்டு, பத்தாண்டு, ரோலிங்: புதிய முதலீட்டாளருக்கு ஓர் ஒப்பீடு

முதல் முறையாக மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட நினைப்பவர், ஃபண்டின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் இருக்கும் எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார். ஓராண்டுக்கு இவ்வளவு, மூன்றாண்டுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். அதிகம் உள்ளதை மேலே கொண்டுவரும் பொத்தானும் அங்கேயே இருக்கிறது. அதைத் தொட்டு, மேலே வந்து நிற்கும் ஃபண்டில் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஒரு தொகை போடும் முறை) தொடங்குவதோடு பலருக்கு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கும் எச்சரிக்கை வரி ஒன்றும் கூடவே இருக்கும்: கடந்த காலச் செயல்பாடு இனியும் தொடரலாம், தொடராமலும் போகலாம்.

அப்படியானால் வேறு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று புதியவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. நம் கையில் இருக்கும் தரவு முழுவதும் கடந்த காலத்தைப் பற்றியதுதான். அதை ஒதுக்கிவிட்டால் ஜோசியம்தான் மிச்சம். ஆகவே, கடந்த கால எண்களைப் படிக்கும் வழிகளில் எது எதைச் சொல்கிறது, எது எங்கே ஏமாற்றுகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே பயன் தரும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பவருக்குப் பழைய எண்கள் நம்பகமான பதில் தருவதில்லை. "எவ்வளவு மோசமாகும், எத்தனை ஆண்டு காத்திருக்க நேரும், என் செலவு எவ்வளவு?" என்று கேட்டால் நன்றாகவே பதில் சொல்கின்றன.

ஓராண்டு லாபம்

இதுதான் மிகவும் கவர்ச்சியான எண். மிகக் குறைவாக நம்ப வேண்டியதும் இதுதான்.

50 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் நிஃப்டி 50 குறியீட்டையே எடுத்துக்கொள்வோம். 2019 மார்ச் 22 அன்று அது சுமார் 11,450 புள்ளிகளில் முடிந்தது. கொரோனா ஊரடங்கு அறிவிப்புகளுக்கு நடுவே, 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610-இல் நின்றது. அன்று மாலை ஓராண்டு லாபத்தைப் பார்த்தவருக்குக் கண்ணில் பட்டது ஏறத்தாழ 34 சதவீத நட்டம். 2021 மார்ச் 23 அன்று நிஃப்டி சுமார் 14,800. அன்று பார்த்தவருக்கு ஓராண்டு லாபம் 95 சதவீதத்துக்குப் பக்கம். 50 நிறுவனங்களைக் கொண்ட, ஏறத்தாழ அதே பட்டியல்தான். முதல் எண்ணைப் பார்த்தவர் பங்குச் சந்தை பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று முடிவு செய்திருப்பார். இரண்டாவது எண்ணைப் பார்த்தவர் நகையை அடகு வைத்தாவது போட வேண்டும் என்று நினைத்திருப்பார். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 13.7 சதவீதம். பயப்பட ஒன்றுமில்லை, துள்ளிக் குதிக்கவும் ஒன்றுமில்லை.

ஒரு குறியீட்டுக்கே இந்த ஆட்டம் என்றால், ஒரே துறையில் பணத்தைக் குவிக்கும் ஃபண்டுகளைச் சொல்லவே வேண்டாம். 2007-இல் லாபப் பட்டியலின் முன்வரிசையில் நின்றவை உள்கட்டமைப்பு ஃபண்டுகள். சாலை, மின்சாரம், துறைமுகம் என்று நாடே கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது, இதில் போடாமல் எதில் போடுவது என்ற பேச்சு அப்போது எங்கும் கேட்டது. அந்தத் துறைக்கான நிஃப்டி குறியீடு 2008 ஜனவரியில் தொட்ட உச்சத்தை மீண்டும் பார்க்க ஏறத்தாழ 15 ஆண்டுகள் பிடித்தன. ரியல் எஸ்டேட் பங்குகளுக்கான குறியீடு, 2024-இன் பெரிய ஏற்றத்திலும்கூட 2008 உச்சத்தை எட்டவில்லை. சிறு நிறுவனங்களுக்கான பி.எஸ்.இ. ஸ்மால்கேப் குறியீடு 2017-இல் சுமார் 60 சதவீதம் ஏறியது. அந்த எண்ணைப் பார்த்து 2018 தொடக்கத்தில் நுழைந்தவர்களுக்கு அந்த ஆண்டு கிடைத்தது 23 சதவீதத்துக்கு மேல் சரிவு.

இது தற்செயல் அல்ல. ஒரு துறை ஓராண்டில் தாறுமாறாக ஏறுகிறது என்றால், வரப்போகும் நல்ல செய்திகளில் பெரும்பகுதியை விலை முன்கூட்டியே விழுங்கிவிட்டது என்று பொருள். அதன் பிறகு வாங்குபவர் அந்த நல்ல செய்திகளுக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார். ஆண்டுதோறும் முதலிடத்தைத் துரத்தி மாறிக்கொண்டே இருப்பதற்குத் தனிச் செலவும் உண்டு. பெரும்பாலான பங்குசார்ந்த ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் வெளியேறினால் 1 சதவீத எக்ஸிட் லோடு, அதாவது வெளியேறும் கட்டணம். 2024 ஜூலை 23 முதல் ஓராண்டுக்குள் விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு 20 சதவீத வரி. ஓராண்டைத் தாண்டினால் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். பட்டியலில் மேலே நிற்கும் ஃபண்டைத் துரத்துபவர் சந்தையை ஜெயிப்பதற்கு முன்பே இந்தச் செலவுகளை ஜெயிக்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாண்டு, பத்தாண்டு எண்கள்

"ஓராண்டு குறைவான காலம், சரி. ஐந்தாண்டு பார்த்தால் போதுமே?" என்பது அடுத்த படி. இது ஓராண்டை விட மேல்தான், சந்தேகமில்லை. ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது. அந்த ஐந்தாண்டு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதே விடையைத் தீர்மானித்துவிடுகிறது.

மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸின் ஆண்டு இறுதி அளவுகளைப் பாருங்கள். 2002 இறுதியில் 3,377. 2007 இறுதியில் 20,287. ஆண்டுக்கு ஏறத்தாழ 43 சதவீதம்! 2008 புத்தாண்டு அன்று ஐந்தாண்டு வரலாற்றைப் பொறுப்பாகப் படித்த ஒருவருக்குக் கண்ணில் பட்டிருக்கக்கூடிய எண் இதுதான். அந்த ஆண்டே சென்செக்ஸ் 9,647-க்கு வந்தது, 52 சதவீதச் சரிவு. 2007 இறுதியில் பணம் போட்டவருக்கு 2012 இறுதியில், 19,427 புள்ளிகளில், ஐந்தாண்டு காத்திருந்தும் முதலே குறைந்திருந்தது. அவருக்குச் சரியாக ஓராண்டு பின்னால், 2008 இறுதியில் போட்டவருக்கு 2013 இறுதியில் ஆண்டுக்கு 17 சதவீதம். இரண்டு ஐந்தாண்டுகளிலும் நான்கு ஆண்டுகள் பொதுவானவை. தொடக்கப் புள்ளி ஓராண்டு நகர்ந்ததற்கே இந்த வேறுபாடு.

பத்தாண்டு என்றால் இந்தக் குழி பாதி தூர்ந்துவிடும், முழுதாகத் தூராது. 2007 இறுதி முதல் 2017 இறுதி வரை சென்செக்ஸின் வளர்ச்சி ஆண்டுக்கு 5.3 சதவீதம். நிறுவனங்கள் தரும் லாபப் பங்கான டிவிடெண்டைச் சேர்த்தாலும், அந்தக் காலத்தில் பெரும்பாலும் 8 சதவீதமோ அதற்கு மேலோ கொடுத்த, அரசின் சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப்.-ஐ விடக் குறைவு. 2008 இறுதி முதல் 2018 இறுதி வரை கணக்கிட்டால் ஆண்டுக்கு 14 சதவீதம். நம் நாட்டை விட்டு வெளியே பார்த்தால் இன்னும் கடுமையான உதாரணம் உண்டு. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915-இல் முடிந்தது. அந்த அளவை அது மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். "நீண்ட காலம் வைத்திருந்தால் கட்டாயம் லாபம்" என்று உங்களிடம் யாராவது அடித்துச் சொன்னால், இந்த இரண்டு தேதிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எண்ணைச் சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். 2008-இல் 52 சதவீதம் இறங்கிய சென்செக்ஸ் 2009-இல் 81 சதவீதம் ஏறியது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி 14.5 சதவீத லாபம் என்று வரும். ஆனால் 20,287-இல் தொடங்கியவர் 2009 இறுதியில் 17,465-இல்தான் இருந்தார், 14 சதவீத நட்டத்தில். ஆகவே சராசரி லாபம் என்று யாராவது சொன்னால் கூட்டு வளர்ச்சி விகிதம் (தொடக்கத் தொகை இறுதித் தொகையாக ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்ந்தது) எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

எஸ்.ஐ.பி. கணக்கிலும் இதே குழப்பம் உண்டு. மொத்தமாகப் போட்ட பணம் ஐந்தாண்டில் 40 சதவீதம் வளர்ந்தால் ஆண்டுக்கு 7 சதவீதம்தான். மாதாமாதம் போட்ட பணத்தின் மொத்தத் தொகை ஐந்தாண்டில் 40 சதவீதம் வளர்ந்திருந்தால் அது ஆண்டுக்கு 13 சதவீதத்துக்கு மேல், ஏனென்றால் கடைசித் தவணைகள் சந்தையில் சில மாதங்களே இருந்திருக்கின்றன. இரண்டு நண்பர்கள் "எனக்கு 40 சதவீதம்" என்று சொல்லிக்கொண்டால் அவர்கள் ஒரே விஷயத்தைப் பேசவில்லை.

ரோலிங் ரிட்டர்ன்

எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் இது. புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். ஒரே ஒரு ஐந்தாண்டைப் பார்க்காமல், தொடக்க நாளை நகர்த்திக்கொண்டே போய், கிடைக்கும் எல்லா ஐந்தாண்டுகளையும் பார்ப்பதுதான் ரோலிங் ரிட்டர்ன். ஃபண்டுகளை ஒப்பிடும் இணையதளங்கள் நாள் கணக்கில் நகர்த்தி இதைப் போட்டுக் காட்டுகின்றன. நமக்குப் புரிவதற்கு ஆண்டு கணக்கு போதும்.

2002 இறுதியில் தொடங்கி 2024 இறுதி வரை சென்செக்ஸில் இப்படி 18 ஐந்தாண்டுகள் கிடைக்கின்றன. டிவிடெண்டைச் சேர்க்காமல் கணக்கிட்டால், மிகச் சிறந்தது ஆண்டுக்கு 43 சதவீதம். மிக மோசமானது, சற்று முன் பார்த்த 2007-2012, ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீத நட்டம். 18-இல் 13 ஐந்தாண்டுகள் 10 சதவீதத்தைத் தாண்டின. மூன்று ஐந்தாண்டுகள் 5 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 12 சதவீதம். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 13-க்கு மேல் வருகிறது, அந்த ஒற்றை 43 மேலே இழுப்பதால்.

பத்தாண்டுகளாக எடுத்தால் 13 கிடைக்கின்றன. மிக மோசமானது 5.3, மிகச் சிறந்தது 19. எதிலும் முதல் குறையவில்லை.

இப்போது புதியவருக்கு ஒரு முழுப் படம் கிடைத்துவிட்டது. ஐந்தாண்டில் வேண்டிய பணத்தை முழுவதுமாகப் பங்குகளில் போட்டால், ஆறில் ஒரு முறை வங்கி வட்டிக்கும் கீழே போய் நின்றிருக்கிறது. அந்த ஆறில் ஒன்று மகளின் கல்லூரிச் சேர்க்கை ஆண்டில் வந்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசிக்க முடியும். "12 சதவீதம் கிடைக்கும்" என்ற ஒற்றை எண் இந்த யோசனைக்கு இடமே கொடுக்காது. நாளை ஜப்பானைப் போல ஒன்று இங்கே நடக்காது என்று ரோலிங் ரிட்டர்னும் உறுதி சொல்லாது. 22 ஆண்டு வரலாற்றில் நடந்தவற்றின் அகலத்தை மட்டும் காட்டுகிறது. ஒன்றோடொன்று நிறைய ஆண்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் காலங்கள் இவை என்பதையும் மறக்கக் கூடாது. 18 என்று எண்ணினாலும் ஒன்றையொன்று தொடாத ஐந்தாண்டுகள் இந்தக் காலத்தில் நான்குதான் அடங்கும்.

இரண்டு ஃபண்டுகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது ரோலிங் பட்டியலின் கீழ்க்கோடியை. மேல்கோடியில் ஒன்றுக்கு 28, இன்னொன்றுக்கு 24 என்பது பெரிய விஷயமில்லை. கீழ்க்கோடியில் ஒன்று மைனஸ் 8, இன்னொன்று 2 என்றால், நெருக்கடி வரும்போது எதை விட்டு ஓடத் தோன்றும் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். மாதம் 10,000 போட்டு 3 லட்சம் சேர்த்திருக்கும் ஒருவருக்கு 2008 போன்ற ஆண்டு வந்தால் கணக்கில் 1,44,000 தெரியும். சதவீதமாகப் படிக்கும்போது தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றுவது, ரூபாயில் எழுதிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். எழுதியே பாருங்கள், தயவுசெய்து. 52 சதவீதம் இறங்கினால் பழைய நிலைக்கு வர 108 சதவீதம் ஏற வேண்டும். சென்செக்ஸ் 2010 தீபாவளி முகூர்த்த வணிகத்தில் 2008-இன் உச்சத்தை எட்டிவிட்டு மறுபடி சரிந்தது. 2013-இன் கடைசி மாதங்களில்தான் அதைத் தாண்டி நின்றது.

நட்சத்திரக் குறிகள்

ஐந்து நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று தரப்படும் மதிப்பீடுகளும் பெரும்பாலும் பழைய லாபத்தையும் ஏற்ற இறக்கத்தையும் வைத்துப் போடப்பட்ட கணக்குதான். ஒரே வகை ஃபண்டுகளுக்குள் ஒப்பிடுவதால் ஓராண்டுப் பட்டியலை விட ஒழுங்கானவை. அடித்தட்டில் கிடக்கும் ஃபண்டுகளைக் கழித்துக்கட்ட உதவும். ஐந்து நட்சத்திரத்தை நாளைக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள எந்த அடிப்படையும் இல்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

யாருடைய வரலாறு அது?

ஒரு ஃபண்ட் பத்தாண்டில் 15 சதவீதம் கொடுத்தது என்றால், அந்த 15-இல் எவ்வளவு சந்தை தந்தது, எவ்வளவு மேலாளர் தந்தார் என்று பிரிக்க வேண்டும். அதற்குத்தான் ஒப்பீட்டுக் குறியீடு. முன்பெல்லாம் ஃபண்டுகள் டிவிடெண்ட் சேர்க்காத குறியீட்டோடு தங்களை ஒப்பிட்டுக்கொண்டன. ஃபண்டுக்கு வரும் டிவிடெண்ட் அதன் என்.ஏ.வி.-யில் (ஒரு யூனிட்டின் மதிப்பில்) சேர்ந்துவிடும், குறியீட்டில் மட்டும் சேராது என்பதால், ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலோ கீழோ இலவசமாகவே முந்திக்கொண்டிருந்தார்கள். 2018 பிப்ரவரி முதல் டிவிடெண்டையும் சேர்த்த டி.ஆர்.ஐ. குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி ஆணையிட்டது. ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் விவரத் தாளான ஃபேக்ட்ஷீட்டில் 'டி.ஆர்.ஐ.' என்ற எழுத்துகளைத் தேடுங்கள். நண்பரோ முகவரோ காட்டும் படத்தில் அது இல்லையென்றால் அந்த ஒப்பீட்டை ஏற்காதீர்கள்.

அடுத்தது, அந்த வரலாறு இப்போதைய ஃபண்டுக்குச் சொந்தமானதுதானா என்பது. 2017 அக்டோபரில் செபி ஃபண்டுகளை வகைப்படுத்தியது. சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ்கேப், 101 முதல் 250 வரை மிட்கேப், 251 முதல் ஸ்மால்கேப் என்று எல்லை வகுத்தது. 2018-இல் பல ஃபண்டுகள் பெயரையும் போக்கையும் மாற்றிக்கொண்டன, சில ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஆகவே, ஒரு லார்ஜ்கேப் ஃபண்டின் பதினைந்தாண்டு வரைபடத்தில் முதல் பகுதி, இன்று அது செய்ய அனுமதியே இல்லாத வேலையால் வந்திருக்கலாம். இணைப்புகளில் காணாமல் போனவை பெரும்பாலும் சுமாராக ஓடிய ஃபண்டுகள்தான். அவற்றின் வரலாறு பட்டியலிலிருந்து மறைந்துவிடுவதால், மிச்சமிருப்பவற்றின் சராசரி உண்மையை விட அழகாகத் தெரிகிறது.

மேலாளர் மாறியிருந்தாலும் இதே பிரச்சினைதான். மாறாவிட்டாலும் ஒரு நீண்ட வெற்றி திறமையா, அந்தக் காலத்துக்குப் பொருந்திய பாணியா என்று பிரித்தறிவது மிகக் கடினம். அமெரிக்காவில் பில் மில்லர் நடத்திய லெக் மேசன் வேல்யூ டிரஸ்ட், 1991 முதல் 2005 வரை தொடர்ந்து 15 ஆண்டுகள் எஸ் அண்ட் பி 500 குறியீட்டை முந்தியது. உலகமே அவரை மேதை என்றது. 2008-இல் குறியீடு 37 சதவீதம் விழுந்தபோது அந்த ஃபண்ட் சுமார் 55 சதவீதம் விழுந்தது. 15 ஆண்டு வரலாற்றை விடப் பெரிய சான்று எந்தப் புதியவருக்கும் கிடைக்கப் போவதில்லை. அதுவே போதவில்லை.

ஃபண்டின் அளவும் வரலாற்றை மாற்றும். 300 கோடி ரூபாயோடு சின்னச் சின்ன நிறுவனங்களில் புகுந்து விளையாடிய ஸ்மால்கேப் ஃபண்ட், 20,000 கோடி சேர்ந்த பிறகு அதே விளையாட்டை ஆட முடியாது. வாங்கினாலும் விற்றாலும் விலையைத் தானே நகர்த்திவிடும். மிட்கேப், ஸ்மால்கேப் ஃபண்டுகள் தங்கள் பங்குகளில் ஒரு பகுதியை விற்க எத்தனை நாளாகும் என்ற கணக்கை 2024 மார்ச்சிலிருந்து வெளியிட்டு வருகின்றன. புதியவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஸ்மால்கேப்பில் நுழைய நினைப்பவர் லாப எண்ணுக்கு முன் அந்த நாள் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகை வரலாறு முழுக்கக் காகிதத்தில் எழுதப்பட்டது. அண்மையில் வேகமாக ஏறிய 30 பங்குகளை ஒரு விதிப்படி பொறுக்கும் நிஃப்டி 200 மொமென்டம் 30 என்ற குறியீட்டின் கணக்கு 2005 ஏப்ரலிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அந்தக் குறியீடே அறிமுகமானது 2020 ஆகஸ்டில். முதல் 15 ஆண்டு லாபம் யாருடைய பணத்துக்கும் கிடைத்ததில்லை. பழைய தரவில் விதியைப் பொருத்திப் பார்த்து எழுதியது. அதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் பழைய தரவில் அழகாக வராத விதியை யாரும் குறியீடாக வெளியிட மாட்டார்கள். இத்தகைய ஃபண்டுகளைப் பார்க்கும்போது குறியீடு அறிமுகமான தேதிக்குப் பிந்தைய எண்களை மட்டும் படியுங்கள்.

கடன் ஃபண்ட், பி.பி.எஃப்., தங்கம்

பங்கு ஃபண்டுக்குச் சொன்னதை இவற்றுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. பணத்தைக் கடன் பத்திரங்களில் போடும் கடன் ஃபண்டில், வட்டி விகிதம் இறங்கிய ஆண்டில் கிடைத்த லாபம், விகிதம் மேலும் இறங்கினால்தான் மறுபடி கிடைக்கும். அங்கே பழைய லாபத்தை விட, இப்போது கையில் உள்ள பத்திரங்களின் முதிர்வு ஈட்டமும் (முதிரும் வரை வைத்திருந்தால் கிடைக்கும் ஆண்டு வருமானம்) அவற்றின் தரமும்தான் முக்கியம். இரண்டும் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் இருக்கும். வழுக்கிக்கொண்டு மேலே போகும் நேர்கோட்டு வரைபடத்தைப் பார்த்துப் பாதுகாப்பு என்று முடிவு செய்யாதீர்கள். 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் இந்தியாவில் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியபோது 25,000 கோடி ரூபாய்க்கு மேல் அதில் முடங்கியது. அதுவரை அவற்றில் சில, தம் வகையில் நல்ல லாபம் காட்டியவைதான். தரம் குறைந்த பத்திரங்களில் கிடைக்கும் கூடுதல் வட்டி அந்த லாபத்தில் இருந்தது. அதற்கான ஆபத்து வரைபடத்தில் தெரியவில்லை. பணம் பிறகு தவணை தவணையாகத் திரும்பியது. ஆனால் அவசரத்துக்கு வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும்!

பி.பி.எஃப்.-இல் 12 சதவீதம் கிடைத்த காலத்தை வீட்டுப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். 1986 முதல் 2000 ஜனவரி வரை உண்மையிலேயே அந்த விகிதம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் விலைவாசியும் இரட்டை இலக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தது என்பது அந்த நினைவில் விடுபட்டுப்போகும். 2020 ஏப்ரலில் அது 7.1 சதவீதத்துக்கு இறங்கியது. பழைய 12-ஐ வைத்து இன்று யாரும் திட்டம் போடுவதில்லை. பங்குகளின் பழைய எண்ணை மட்டும் அப்படியே நாளைக்கு நீட்டிவிடுகிறோம்.

தங்கத்தின் அண்மைக்கால ஏற்றம் இப்போது எல்லோர் வாயிலும். 10 கிராம் 2025-இல் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2012-இல் அது சுமார் 31,000 ரூபாய். 2018-இலும் ஏறத்தாழ அதேதான். உலகச் சந்தையில் 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், அந்த விலையை மீண்டும் பார்த்தது 2008 ஜனவரியில். இங்கே ரூபாயின் மதிப்பு சரிந்துகொண்டே வந்ததால் அந்த வலி நமக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

பிரிக்க வேண்டிய ஒரு வகை இன்னும் இருக்கிறது. "போன மாதம் கொடுத்தார்கள், அதற்கு முந்தைய மாதமும் சொன்னபடி கொடுத்தார்கள்" என்பதும் கடந்த காலச் செயல்பாடுதான். 2012-இல் பெருந்துறைப் பக்கம் சரிந்த ஈமு கோழித் திட்டங்களிலும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு பதிவு செய்த ஆருத்ரா வழக்கிலும், மக்களை இழுத்தது இந்தச் சான்றுதான். அடுத்தவர் போட்ட பணத்திலிருந்து கொடுக்கப்படும் வட்டியின் வரலாறு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பொருள் இல்லை. எங்கிருந்து லாபம் வருகிறது என்று ஒருவரால் விளக்க முடியாவிட்டால், அவர் காட்டும் எந்த எண்ணையும் படிக்க வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மாதம் 10,000 ரூபாய் ஒதுக்கக்கூடிய, இப்போதுதான் தொடங்கும் ஒருவருக்கு என் பரிந்துரை தெளிவானது. ஐந்தாண்டுக்குள் தேவைப்படும் பணம் இந்தப் போட்டிக்கே வர வேண்டாம், வங்கி வைப்பிலோ அஞ்சலகத்திலோ இருக்கட்டும். பத்தாண்டுக்கு மேல் தொட வேண்டாத பணத்துக்கு, முதல் சில ஆண்டுகள் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டின், முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டம் போதும்.

காரணம், அங்கே படிக்க வேண்டிய கடந்த காலம் மிகச் சிறியது, நம்பகமானதும்கூட. அந்த ஃபண்ட் தன் டி.ஆர்.ஐ. குறியீட்டை விட ஆண்டுக்கு எவ்வளவு பின்தங்கியது என்று பார்த்தால் போதும். ஐந்தாண்டாக 0.3 சதவீதம் பின்தங்கிய இன்டெக்ஸ் ஃபண்ட் அடுத்த ஆண்டும் ஏறத்தாழ அவ்வளவே பின்தங்கும், ஏனென்றால் அந்த இடைவெளியில் பெரும்பகுதி செலவு. லாபம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், செலவு அப்படியே தொடரும். மாதம் 10,000 வீதம் 20 ஆண்டுகள், 12 சதவீதத்தில் வளர்ந்தால் ஏறத்தாழ 99 லட்சம். 11 சதவீதத்தில் வளர்ந்தால் 86.5 லட்சம். ஒரு சதவீதச் செலவு விழுங்குவது 12 லட்சத்துக்கு மேல்.

மேலாளர் நடத்தும் ஃபண்ட்தான் வேண்டும் என்பவருக்கு வழி இல்லாமல் இல்லை, வேலைதான் கூடுதல். ஒரே வகையைச் சேர்ந்த ஃபண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு ரோலிங் ரிட்டர்னில் டி.ஆர்.ஐ. குறியீட்டை எத்தனை முறை முந்தியது, கீழ்க்கோடி எவ்வளவு என்று பாருங்கள். 2020 மார்ச்சில் குறியீட்டை விட அதிகம் விழுந்ததா என்று பாருங்கள். அந்த எண்களைச் சம்பாதித்த மேலாளர் இன்னும் இருக்கிறாரா, ஃபண்டின் அளவு எத்தனை மடங்கானது என்பதை ஃபேக்ட்ஷீட்டில் உறுதி செய்யுங்கள். 2018-க்கு முந்தைய எண்களுக்குப் பாதி மதிப்பு கொடுத்தால் போதும். இத்தனையும் செய்த பிறகும் இன்டெக்ஸ் ஃபண்டை விடக் குறைவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

பச்சை எண்ணைப் பார்த்து ஏற்கெனவே போன ஆண்டின் முதலிட ஃபண்டில் எஸ்.ஐ.பி. தொடங்கிவிட்டவர்கள் பதறி விற்க வேண்டாம். புதிய தவணைகளை மட்டும் நிறுத்தி, அந்தப் பணத்தைப் பரந்த குறியீட்டு ஃபண்டுக்குத் திருப்புங்கள். போட்ட ஒவ்வொரு தவணைக்கும் ஓராண்டு தனித்தனியாகக் கணக்கிடப்படும் என்பதால், எக்ஸிட் லோடும் 20 சதவீத வரியும் தாண்டிய யூனிட்டுகளை மட்டும், லாபம் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரம்புக்குள் வரும்படி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துக்கொள்ளலாம்.